குப்பி விளக்குக் கணக்கு

"நாங்கள் குப்பி விளக்கில படிச்சனாங்கள்."

திருகோணமலைப் பாலையூற்றில் நாற்பத்தைந்து வயது கடந்த எவரிடமும் ஒரு பிள்ளை போய் "எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிப் பார்க்கட்டும். முதல் பதில் இதுதான். அடுத்தது சுற்றிவளைப்பு. அதற்கும் அடங்காவிட்டால் 1990. விடியப்புறம் எழுப்பி மைதானத்தில் குந்த வைத்தது, சாக்கு மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்தது, பிள்ளை குட்டிகளோடு கோயில் விறாந்தையில் படுத்தது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, கூட்டிச் சொன்னதுமில்லை. பிழை அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் இருக்கிறது. அந்த நாட்களைத் தராசின் படிக்கல்லாக வைத்துக்கொண்டோம். மறு தட்டில் எந்தப் பிள்ளை தன் பாரத்தை வைத்தாலும் அது மேலே எழும்பிவிடும். "இவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு நாங்களும் எழும்பிவிடுவோம்.

ஒரு இரவு மின்சாரம் போன நேரம் ஒழுங்கை முகப்பு மதகில் ஐந்தாறு பேர் இருந்து கதைத்ததன் மிச்சம் இது. ஆள் ஆளாகப் பழி சொல்லத் தொடங்கி, கடைசியில் எல்லோர் பெயரும் அதில் வந்துவிட்டது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் ஊர்க் கம்பஸ் பெடியன். ஏ.எல். முடிவு வந்த அன்று அவன் வீட்டு வாசலில் சீனவெடி கொளுத்தியது நாங்கள். சனசமூக நிலையத்துக்கு முன்னால் படம் போட்டுப் பனர் கட்டியதும் நாங்கள். நாடு முழுக்கப் பரீட்சை எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே அரச பல்கலைக்கழகத்துக்குள் போகக் கிடைக்கிறது. வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளை ஊருக்கே சொத்து. அப்படித்தான் அவனை வழியனுப்பினோம், ஒரு சொத்தை வைப்பிலிடுவதுபோல. போன இடத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும் என ஒருவருக்கும் தோன்றவில்லை. வைப்பிலிட்ட காசை யார் நலம் விசாரிப்பார்கள்?

அது 2022. அந்த செப்ரெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. மஹாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாயாகவே இருந்தது. காலையில் ஒரு பணிசும் பிளேன்ரீயும், பகலுக்கு ஒன்றுமில்லை, இரவு நாலு பேர் சேர்ந்து ஒரு கறியோடு சோறு. இதை அவன் தாயிடம் சொல்லவில்லை, அவள் காதுத்தோட்டைக் கழற்றுவாள் என்று. எங்களில் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னான். பதில் உங்களுக்குத் தெரியும்: "நாங்கள் அகதி முகாமில பருப்புக் கஞ்சி குடிச்சுக்கொண்டு சோதினை எழுதினனாங்கள் தம்பி."

பகிடிவதையைப் பற்றியும் ஒருமுறை வாய் திறந்தான். "ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, பிறகு அவங்கள்தான் உனக்கு நோட்ஸ் தருவாங்கள்" என்றோம். 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளை ஒன்று பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும், அதற்கு அடுத்த வருடம் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்ததும் எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே பல்லைக் கடிக்கச் சொன்னோம்.

இரண்டாம் வருடத்து நடுவில் திரும்பி வந்தான். அறைக்குள் இருந்தான். பகலில் நித்திரை, இரவில் விழிப்பு. எங்கள் கேள்வி ஒன்றுதான்: "எப்ப கம்பஸ் திறக்குது?" கடையில் கண்டால் அது, கோயிலில் கண்டால் அது, பஸ்ஸுக்கு நிற்கும்போது அது. கம்பஸ் திறந்துதான் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியும். கேள்வியில் நஞ்சு வைத்துக் கேட்டோம் என்று சொல்ல முடியாது. வேறு கேள்வி எங்களிடம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் அவன் பெரிய வீதிக்கு வராமல் பின்னொழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினான். எங்களுக்குப் பயந்துதான் சுற்றுகிறான் என்று விளங்க ஆறு மாதம் எடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட நகரம் இது. அந்த வழக்கில் பிடிபட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டதையும் இதே நகரம்தான் பார்த்தது. அந்தப் பிள்ளைகளுக்காக அழ எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விளக்கேற்றும் நாளும் தெரியும். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அது சீருடையில், வாகனத்தில், வெளியிலிருந்து வரும் என்றே எங்கள் கண் பழகிவிட்டது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் மெலிந்துபோவது அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று கதையில் வந்த இரண்டாவது ஆள் பிள்ளையல்ல, குடும்பக்காரர். துறைமுகப் பக்கம் வேலை, நிரந்தரமில்லை, மேன்பவர் ஆள். மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதம் என்று எங்கள் ஊரில் பாதி அடுப்பு எரிவது சீனக்குடாவைச் சுற்றித்தான். அவர் எங்கே என்று கேட்க வேண்டாம். ஒரு கிழமை பகல், மறு கிழமை இரவு. ஓ.ரி. இல்லாத மாதம் சம்பளம் கைக்கு வருமுன்னே முடிந்துபோகும். ஆட்டோவுக்கு லீசிங், நகை அடகில், மனைவி பெயரில் கிழமைக் கடன்.

அந்தக் கிழமைக் கடனில்தான் எங்கள் பங்கு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு எடுத்த கடன் இது. குழுக் கடன் என்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே அவளுடைய விறாந்தையில் காலையிலிருந்து குந்தியிருந்து காசு வாங்கியது கொம்பனிக்காரனல்ல, எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஆண்கள் நாங்கள். இரவு வேலை முடிந்து வந்த மனிதன் படுக்கப் போன நேரம், வெளியில் அவர்களின் குரல். "நெஞ்சு படபடக்குது" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்பதை நாங்கள் நடிப்பு என்று மொழிபெயர்த்தோம். பிறகு குடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் எங்களுக்கு நிம்மதி, ஏனென்றால் குடிகாரன் என்ற பெயர் கையில் ஆயத்தமாக இருந்தது.

மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகம் ஒவ்வொரு வருடமும் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறதாம், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் சொன்னது. எங்கள் மனிதர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. ஒரு நாள் நின்றால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார்.

எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றும் தப்ப முடியாது. சுனாமிக்குப் பிறகு வெள்ளை வாகனங்கள் வரிசையாக வந்தன. உளவளத்துணை, உளசமூகப் பணி, சீர்மியம் என்று எத்தனை புதுச்சொற்கள்! பட்டறைக்குப் போனோம், வரவில் கையெழுத்து வைத்தோம், றோல்ஸ் சாப்பிட்டோம், வட்டமாக இருந்து பந்து எறிந்தோம். எங்கள் பிள்ளைகள் சிலர் படித்து அந்த வேலைகளுக்கும் போனார்கள். திட்டம் முடிந்தது, வாகனங்கள் போயின. சொற்களையும் அவர்களுடைய சாமான் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பிறகு கடன் கொம்பனியில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தாள். மற்றவர் சொல்வதைக் கேட்கப் பழகியவள், கேட்டு வாங்கப் போனாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஊரில் கேட்பதற்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை.

பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு அங்கே நின்றால் யாராவது காண்பார்கள் என்று அனுராதபுரத்துக்கும் கண்டிக்கும் பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. காண்கிற அந்த யாரோ நாங்கள்தான். கலியாணப் பேச்சில் "அந்தக் குடும்பத்தில விசர் ஏதும்?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பதும், பிள்ளை முரண்டு பிடித்தால் "அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்பதும் நாங்கள். தாய்மார் லூர்து அன்னை கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார்கள், பிள்ளையார் கோயிலில் நூல் கட்டினார்கள். படித்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு அதையும் பகிடி பண்ணினோம். அங்கே அவர்களுக்கு இருந்து அழ ஓர் இடமாவது கிடைத்தது.

இந்த மறைப்பின் கடைசி எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த பிறகு, இரண்டு தசாப்தங்களில் அந்த வீதம் எழுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டப் பிரிவும் நீக்கப்பட்டது. அரசாங்கத்தைத் திட்ட எங்களிடம் காரணம் குறைவில்லை, இந்த ஒன்றில் அது தன் வேலையைச் செய்தது. நாங்கள் இன்னும் "பொலிஸ் கேஸ்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். 1926 என்று அடித்தால் தேசிய மனநல நிறுவனத்தில் இரவு பகலாக ஒருவர் எடுப்பார், தமிழிலும் கதைக்கலாம். எங்கள் சனசமூக நிலையச் சுவரில் மரண அறிவித்தல் ஒட்ட இடமிருக்கிறது, பஸ் நேர அட்டவணை இருக்கிறது, திருவிழா உபயகாரர் பட்டியல் இருக்கிறது. அந்த நாலு இலக்கம் இல்லை. போன பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி வாடகை பற்றி மட்டும் இரண்டு மணித்தியாலம் வாதாடினோம்.

மதகில் இருந்த இரவு, பேச்சு ஒரு கட்டத்தில் நின்றது. எங்களில் மூத்தவர், யாரும் கேட்காமலே, நாய் குரைத்தால் தான் இப்பவும் எழும்பிக் கட்டிலில் இருந்துவிடுவதாகச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக. மனைவிக்கு மட்டும் தெரியும். இன்னொருவர் தனக்கு ஹெலி சத்தம் என்றார். "தாங்கினனாங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள்! நெருக்கீட்டின் வடு தனியாளின் மனதோடு நில்லாமல் சமூகம் முழுவதிலும் படிகிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார். அதைச் சண்டைக்குள் இருந்தவர்களைப் பற்றிய பேச்சு என்று நினைத்தோம். பிள்ளைகளின் வாயை அடைத்தது பாதி எங்கள் பயம்தான். அவர்கள் "ஏலாது" என்று சொல்லத் தொடங்கினால், நாங்களும் சொல்ல வேண்டி வந்துவிடுமே.

போன கிழமை பின்னேரம் சூன் பாண் ஆட்டோ அந்த ஒரே மெட்டை இசைத்துக்கொண்டு பின்னொழுங்கைக்குள் வந்தது. பெடியன் வாசலில் நின்றான். எங்களில் ஒருவரும் அங்கே நின்றார். கம்பஸ் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததாம், விழுங்கிவிட்டாராம்.

"மீன் பணிஸ் சின்னனாப் போச்சு, என்ன?"

"ஓம் மாமா. மீனையும் காணேல்ல."

இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆட்டோ போன பிறகும் அவன் உள்ளே போகவில்லை. அடுத்து என்ன கதைப்பது என்று மாமாவுக்குத் தெரியவில்லை, பணிசைப் பிய்த்துத் தின்றுகொண்டு அங்கேயே நின்றார்.