எரிந்த ராக்கெட்டின் எண்

சரோஜினி நகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் ஒன்றில் நெடுங்காலம் வாழ்ந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரை இங்குள்ள விநாயகர் கோயில் வாசலில் அவ்வப்போது சந்திப்பதுண்டு. 1984 ஏப்ரலில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன் குடியிருப்பே கூடி அமர்ந்திருந்ததை அவர் இன்றும் விவரிப்பார். விண்ணிலிருந்து பார்க்க இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், இக்பாலின் கவிதை வரியால் ராகேஷ் சர்மா விடையளித்ததும் அவருக்கு மனப்பாடம். "உடன் சென்ற மற்ற இருவர் யார் ஐயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரஷ்யாக்காரங்க தம்பி. பேரு யாருக்கு ஞாபகம்?"

அவரைக் குறை கூற மாட்டேன். குறை கூறப்பட வேண்டியவர்கள் அறிவியல் வரலாற்றைக் கற்பதாகவும் கற்பிப்பதாகவும் சொல்லிக்கொள்ளும் நாம்தான். அந்த இருவரில் ஒருவர் தளபதி யூரி மாலிஷேவ். மற்றவர் பொறியாளர் கென்னடி ஸ்ட்ரெகலோவ். இந்த இரண்டாவது பெயரை மறந்ததன் வழியே, அந்தப் பயணத்தின் மிக முக்கியமான உண்மையையே நாம் மறந்திருக்கிறோம்.

1983 செப்டம்பர் 26 இரவு, பைக்கனூர் ஏவுதளம். சல்யூட் 7 நிலையத்துக்குச் செல்ல வேண்டிய சோயுஸ் கலத்துக்குள் விளாதிமிர் தித்தோவும் இதே ஸ்ட்ரெகலோவும் அமர்ந்திருந்தனர். ஏவலுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம் இருக்கையில் எரிபொருள் வால்வு ஒன்று பழுதாகி, ராக்கெட்டின் அடியில் தீப்பற்றியது. தப்பிப்பு அமைப்புக்குக் கட்டளை கொண்டுசெல்லும் கம்பிகளைத் தீ முதலில் தின்றது. தரைக் கட்டுப்பாட்டினர் வானொலி வழியே கட்டளையிட வேண்டியதாயிற்று. கலத்தின் உச்சியிலிருந்த சிறு ராக்கெட்டுகள் இருவரையும் பிடுங்கிக்கொண்டு மேலெழுந்த சில நொடிகளில் கீழே முழு ராக்கெட்டும் வெடித்துச் சிதறியது. புவியீர்ப்பைப் போல் 14 முதல் 17 மடங்கு விசை அவர்களை அழுத்தியது. சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி உயிருடன் இறங்கினர்.

சோவியத் அரசு அன்று இதை அறிவிக்கவில்லை. வெற்றிகரமாகக் கிளம்பிய கலத்துக்கே எண் வழங்குவது அவர்களது வழக்கம். எனவே எரிந்த பயணத்துக்கு எண்ணே இல்லை. அதற்கென இருந்த 'சோயுஸ் டி-10' என்ற பெயர் 1984 பிப்ரவரியில் கிளம்பிய அடுத்த கலத்துக்குச் சென்றது.

ஆறு மாதங்கள் கழித்து, 1984 ஏப்ரல் 3 அன்று, அதே வகை ராக்கெட்டின் உச்சியில் சர்மாவுடன் ஸ்ட்ரெகலோவ் மீண்டும் அமர்ந்தார். முதலில் தேர்வாகியிருந்த ருக்காவிஷ்னிகோவ் நோயுற்றதால் அவரிடத்துக்கு வந்தவர் இவர். இந்தியா மூவருக்கும் அசோகச் சக்கர விருது அளித்தது. எந்த வீரத்துக்காக என்று நம் பாடநூல்கள் மாணவருக்குச் சொல்கின்றனவா?

தீன்மூர்த்தி வளாகத்து நேரு கோளரங்கத்துக்கு இங்கிருந்து பேருந்தில் அதிக நேரமாகாது. சர்மா திரும்பி வந்த கலம் அங்கே இருக்கிறது. சென்றது டி-11இல், திரும்பியதோ நிலையத்தில் நின்றிருந்த டி-10இல். எரிந்த ராக்கெட்டின் கலத்துக்குக் கிடைக்காமற்போன அதே எண்! அருகே அவரது விண்ணாடை. 1971 ஜூனில் சோயுஸ் 11 திரும்புகையில் காற்று வெளியேறி, அழுத்த ஆடையின்றி அமர்ந்திருந்த மூவரும் இறந்தனர். அதன் பின்னரே சோயுஸ் வீரர்களுக்கு அந்த ஆடை கட்டாயமாயிற்று. ஆடைக்கும் அதன் கருவிகளுக்கும் இடம் வேண்டி மூன்றாவது இருக்கை நீக்கப்பட்டது. 'டி' வகைக் கலம் 1980இல்தான் அதை மீட்டுத் தந்தது. இந்தியர் ஒருவர் அமர இடம் கிடைத்த வரலாறு இது. கண்ணாடிப் பெட்டிக்கு முன் தற்படம் எடுப்போரில் எத்தனை பேர் அறிவர்?

இதைப் பழங்கதையென ஒதுக்க முடியாது. ககன்யான் 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் 2022ஐ இலக்காகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு கடந்துவிட்டதை நம்மில் பலர் ஏளனம் செய்கிறோம். நான் அந்த ஏளனத்தில் சேர மாட்டேன். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தப்பிப்பு அமைப்பைச் சோதிக்கும் ஏவல், 5 நொடிகள் இருக்கையில் தானாக நின்றது. காரணம் அறிந்து சரிசெய்த பின்னர் அன்று காலையே வெற்றியடைந்தது. ஸ்ட்ரெகலோவின் உயிரைக் காத்தது அத்தகைய அமைப்பே. 2025 ஜூனில் சுபான்சு சுக்லாவின் பயணம் திரவ ஆக்சிஜன் கசிவால் தள்ளிப்போனபோதும் சமூக ஊடகங்கள் நகைத்தன. நகைப்பவர்கள் அந்த இருக்கையில் அமரப் போவதில்லை.

என் சினம் வேறிடத்தில். சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் ஆய்வு மாணவி ஒருவர் எழுந்து, பயணியர் உயிரிழப்பின் நிகழ்தகவை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்று கேட்டார். தலைமை வகித்த பேராசிரியர், "நல்லதையே நினைப்போம் அம்மா" என்று புன்னகைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வெட்கமே இப்பதிவு.

நல்லதை நினைத்ததன் விலையை அமெரிக்கா அறியும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் சிதறிய பின் விசாரணைக் குழுவிலிருந்த ஃபைன்மன், நாசாவுக்குள்ளேயே இரு கணக்குகள் உலவியதை வெளிக்கொணர்ந்தார். இழப்பு நூற்றில் ஒன்று என்றனர் பொறியாளர்கள். இலட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். நாள்தோறும் ஏவினாலும் ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு ஒரு விபத்து என்பது அதன் பொருள்! 135 பயணங்களில் இரண்டு ஓடங்கள் அழிந்தன, 14 பேர் மாண்டனர். இரண்டாவது ஓடத்தில் நம் கல்பனா சாவ்லா இருந்தார். 2003இல் வெளியான கொலம்பியா விசாரணை அறிக்கை, உடைந்து விழுந்த நுரைத்துண்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஐயத்தை எழுப்பியவர்களின் குரல் மேலே சென்று சேராத நிறுவனப் பண்பாட்டையும் காரணமாகக் காட்டியது. கல்பனாவின் பெயரை விடுதிகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் சூட்டிய நாம் அந்த அறிக்கையை எத்தனை வகுப்பறைகளில் படித்திருக்கிறோம்?

இடரைப் பேசினால் வீரர்களின் உளவலிமை குன்றும் என்பர் சிலர். ஸ்ட்ரெகலோவைவிட அந்த இடரை அறிந்தவர் எவர்? அவர் அறிந்தே மீண்டும் ஏறினார். பிரசாந்த் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்சு சுக்லா ஆகிய நால்வரும் சோதனை விமானிகள். அவர்களிடமிருந்து மறைக்க எதுவும் இருக்க இயலாது. மறைப்பு நிகழ்வது நம்மிடம்தான். அதற்கு உடன்படுவோரும் நாமே.

வெறும் நம்பகத்தன்மை எண் எனக்குப் போதாது. அது எந்தச் சோதனைகளிலிருந்து, எந்த அனுமானங்களுடன் பெறப்பட்டது, இஸ்ரோவுக்கு வெளியே யார் அதைச் சரிபார்த்தார் என்பவை மனிதர் ஏறும் முன் பொதுவெளிக்கு வர வேண்டும். சோதனைகளில் தவறியவையும் திருத்தப்பட்டவையும் உடன் வரட்டும். எங்கள் துறையின் அடுத்த கருத்தரங்குக்கு அந்த மாணவியின் கேள்வியை, அவர் இசைவுடன், எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இம்முறை நான் முன்வரிசையில் அமர்வேன்.