கருவியின் கண்ணைக் கட்டுகிறவர்களுக்கு



நம் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. ஏதோ தொழிற்கூடம். தீச்சுடர் உணரியின் முகத்தில் துணி சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள். "வெல்டிங் வைத்தாலே கத்துது" என்று ஒரு வரி. அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கருவி புகையை முகர்வதில்லை, அறையின் சூட்டை அளப்பதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பார்க்கிறது. ஒரு வகை, 185 முதல் 260 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைக் கவனிக்கும். வெயிலில் உள்ள அந்தக் கதிரை ஓசோன் படலம் தரைக்கு விடுவதில்லை. (ஓசோன் பாடத்தில் தூங்கியவர்கள் இப்போதாவது விழிக்கவும்.) அதனால் பட்டப்பகலிலும் அது குழம்பாது. ஆனால் வெல்டிங் பொறியும் மின்னலும் அதே கதிரைக் கொட்டும். கத்தத்தான் செய்யும். வெல்டிங் பட்டறைக்கு இந்த வகையை வாங்கிப் போட்டவரை ஏன் யாரும் கேட்பதில்லை?

அங்கே அகச்சிவப்பு வகை பொருந்தும். பெட்ரோலோ எரிவாயுவோ, கார்பன் உள்ள எது எரிந்தாலும் சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அருகே தூக்கலாக ஒளிரும். நல்ல கருவி அதையும் பக்கத்து அலைநீளங்களையும் ஒப்பிடும். சூடான எஞ்சின் எல்லாவற்றிலும் பரவலாக ஒளிரும், தீ அப்படி ஒளிராது. சுடரின் துடிப்பையும் பார்க்கும்: நொடிக்கு 1 முதல் 20 தடவை. காய்ந்த இரும்பு துடிக்காது. விலை கூடத்தான். உயிரை வைத்துப் பேரம் பேசுவார்களா?

அதையும் எல்லா இடத்துக்கும் வாங்கிவிடாதீர்கள். ஹைட்ரஜன் சுடரில் கார்பனே இல்லை. 4.3-ஐ மட்டும் பார்க்கும் கருவி சும்மா உட்கார்ந்திருக்கும், பகலில் நம் கண்ணுக்கும் அந்தச் சுடர் தெரிவது கடினம். பசுமை ஹைட்ரஜன் வேலைக்குப் போயிருக்கும் தம்பிகள் கவனிக்க.

"சார், பொய்யாகக் கத்திக்கொண்டே இருந்தால் வேலை எப்படி நடக்கும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. வெல்டிங் நேரத்துக்கு அந்த ஒரு கருவியை மட்டும் முறைப்படி நிறுத்துங்கள். தீயணைப்பானோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். முடிந்ததும் உடனே கருவியை இயக்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். துணி சுற்றினால் அதை யார், எப்போது அவிழ்ப்பார் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

டேப் ஒட்டாத இடங்களிலும் முகப்பில் எண்ணெய்ப் படலம் சேர்ந்தால் புற ஊதாக் கதிர் உள்ளே நுழையாது. ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள், உங்கள் கருவியைக் கடைசியாக எந்தத் தேதியில் துடைத்துச் சோதித்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.