நடுங்கும் கைக்கும் ஆட்டத்தில் இடம் வேண்டும்

2023 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்றில் ‘ஆன்டி-லேக் பிளஸ்’ வசதி இருந்தது. மவுஸ் அசைவதற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைப்பதே அதன் வேலை. அதற்காகக் கவுன்டர்-ஸ்டிரைக் 2 எஞ்சினின் ஃபங்ஷன்களை அது இடைமறித்தது. ஆட்டத்தை உருவாக்கிய வால்வின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான விஏசி, அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தடை போட்டது. ஏஎம்டி டிரைவரைத் திரும்பப் பெற்றது, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து தடையை நீக்குவதாக வால்வும் சொன்னது. பெரிய நிறுவனம் சம்பந்தப்பட்டதால் விஷயம் வெளியே வந்தது. கைநடுக்க நோயுள்ள ஒருவர் தனியாகத் தடைபட்டால் அவருக்காக யார் பேசுவார்கள்?

ஸ்டெடிமவுஸ் போன்ற மென்பொருள்கள் நடுக்கத்தை வடிகட்டி கர்சரை நிதானப்படுத்துகின்றன. ஆனால் ஆட்டங்களை உருவாக்கும் நம் ஷூட்டர்கள் பெரும்பாலும் ரா இன்புட் வழியே மவுஸின் அசைவை நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. கர்சரில் செய்யும் திருத்தம் ஆட்டத்துக்குள் வருவதில்லை. வர வேண்டுமானால் வடிகட்டி டிரைவர் மட்டத்துக்கோ, மவுஸுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு கருவிக்கோ இறங்க வேண்டும். தானே குறிவைக்கும் ஏமாற்று மென்பொருளான எய்ம்பாட் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். தலையசைவால் கர்சரை நகர்த்தும் மென்பொருள்களிலும் இதே சிக்கல்: விண்டோஸ் வழியே செயற்கையாக அனுப்பப்படும் உள்ளீட்டில், மேக்ரோவின் மீது விழும் அதே அடையாளம்தான் விழுகிறது. ஆக, உதவி தேவைப்படுபவரைச் சந்தேகத்துக்குரிய இடத்துக்குத் தள்ளுவது நம்முடைய வடிவமைப்பே.

எல்லாவற்றையும் அனுமதிக்கச் சொல்லவில்லை. ரேசரின் ஸ்னாப் டாப் போன்ற கீபோர்டு வசதிகளை 2024 ஆகஸ்டில் வால்வ் தன் சர்வர்களில் தடுத்தது சரியே. அவை தானாகச் செய்துவிடும் வேலை, அதாவது எதிர்த்திசை விசையை நேரம் பார்த்து அழுத்துவது, விரல் பழக வேண்டிய திறமை. அதைவிட முக்கியம், அங்கே தண்டனை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதோடு நின்றது. உள்ளீடு இயந்திரத்தனமாகத் தெரிகிறது என்பதற்கு அந்த அளவு போதும். நிரந்தரத் தடை, ஆட்டத்தின் குறியீட்டில் கைவைத்தவர்களுக்கு.

மவுஸ் சென்சிடிவிட்டியை ஸ்கோப்புக்குத் தனியாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் தருகிறோம். அந்த வசதி உள்ள மெனுவிலேயே நடுக்க வடிகட்டியையும் வைக்கலாம். வெளி மென்பொருளைத் தேட வேண்டியிருக்காது, ஆன்டி-சீட்டுக்கும் குழப்பமில்லை. எல்லோரும் போட்டுக்கொண்டு ஆதாயம் தேடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம்: எந்த வடிகட்டலும் கொஞ்சம் தாமதத்தைக் கூட்டும், நிலையான கை உள்ளவருக்கு அது நஷ்டமே. அதுவரை, உள்ளீட்டை வைத்து விதிக்கும் ஒவ்வொரு தடையிலும் காரணத்தை எழுதுங்கள். மேல்முறையீட்டை ஒரு மனிதர் படிக்கட்டும்.