டேஷ்போர்டு பிள்ளையாருக்கு விளக்கு இருக்கு, நம்ம காலடிக்கு?

 

ஆயுத பூஜை நெருங்குது. வழக்கம்போல கோயில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தட்டு பிடிக்கிறதும் உடைச்ச தேங்காய் ஓட்டைப் பொறுக்குறதும் தொண்டூழியர்களான எங்க வேலை. அதனால ஒவ்வொரு வருஷமும் நிறைய வண்டிகளுக்குள்ள எட்டிப் பார்க்கிறேன். டேஷ்போர்டில் பிள்ளையார், அவருக்குப் பின்னால் நிறம் மாறுற குட்டி விளக்கு, கண்ணாடியில் தொங்குற உருத்திராட்சம், எல்லாம் ஜோரா இருக்கும். ஓட்டுறவர் கால் வைக்கிற இடம் மட்டும் கிணறு மாதிரி இருட்டு. அங்க என்ன கிடக்குதுன்னு அவருக்கே தெரியாது.

அந்த இடத்துல ஒரு சின்ன விளக்கு போடுங்கன்னு சொல்லத்தான் இன்னைக்கு எழுதுறேன். சிரிக்காதீங்க, நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். என் தங்கச்சி மகன் தன் கார்ல காலடியில் நீல விளக்கு மாட்டினப்ப, "என்னடா, காரா டிஸ்கோவா?" ன்னு கேட்டு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணினேன்.

அப்புறம் எனக்கே நடந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கோயில் வேலை முடிஞ்சு நானும் வீட்டுக்காரியும் தேக்கா பக்கம் ஒரு பலமாடி கார்பார்க்கில் இருந்து கிளம்பினோம். கோயிலுக்கு வர்றவங்க பலர் செய்யிறதைத்தான் நானும் செஞ்சிருந்தேன். வாசல்ல செருப்பை விட்டால் திரும்பி வரும்போது வேற யாரோட செருப்போ நமக்குப் பிரசாதமா கிடைக்கும், அந்தப் பயத்துல வண்டியிலேயே கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட போயிருந்தேன். திரும்பி வந்து அப்படியே ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துட்டேன். வளைஞ்சு இறங்குற சரிவுல பிரேக்கை அமுக்கினா பாதிதான் போகுது. அடியில் ஏதோ மெத்துனு தடுக்குது. வலது கால் செருப்பு சரிவில் வழுக்கிட்டுப் போய் பெடலுக்கு அடியில உட்கார்ந்திருக்கு. கைப்பிரேக்கை இழுத்தேன். முன் பம்பர் சுவரில் லேசா உரசி வண்டி நின்னுச்சு. அந்த நேரம் எதிரே யாரும் நடந்து வரல. முருகன் செயல்னு வீட்டுக்காரி சொன்னாள். சரிதான். ஆனா செருப்பை அங்க போட்டது என் செயல்.

சாமியைக் கும்பிடும்போது பாதாதிகேசமா, பாதத்துல இருந்து முடி வரைக்கும் பார்த்துக் கும்பிடணும்னு பெரியவங்க சொல்லித் தந்திருக்காங்க. கார்ல ஏறும்போது யாராவது பாதத்தைப் பார்க்கிறோமா?

வண்டிக்குள்ள கூரையில் ஒரு விளக்கு இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. அது நம்ம தலைக்கும் மடிக்கும்தான் வெளிச்சம் தரும். ஸ்டியரிங், டேஷ்போர்டு, நம்ம முழங்கால் எல்லாம் சேர்ந்து கீழே நிழல் போட்டுடும். தொழிற்சாலையிலும் இதே கதைதான். கூரையில் எவ்வளவு பெரிய விளக்கு எரிஞ்சாலும் மெஷினுக்கு அடியில் விழுந்த ஸ்குரூ கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தனியா ஒரு விளக்கு வைப்போம். கார்ல இன்னொரு கூத்து, பேட்டரி இறங்கிடும்னு பயந்து பலர் அந்தக் கூரை விளக்கையும் ஆஃப்லேயே வச்சிருப்பாங்க.

காலடியில் கிடக்கிற பொருள் சின்ன விஷயம் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம், தரை விரிப்பு நகர்ந்து ஆக்சிலரேட்டர் பெடலைப் பிடிச்சுக்கும் ஆபத்து இருக்குன்னு சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு எச்சரிக்கை கொடுத்துத் திரும்ப அழைச்சது. கலிபோர்னியாவில் ஒரு காரில் போன நாலு பேர் செத்த பிறகுதான் அது இவ்வளவு பெரிசாச்சு. வெறும் விரிப்புக்கே இந்த நிலைமை. நம்ம வண்டிகளில் அதுக்கு மேல எலுமிச்சம்பழம், தண்ணி பாட்டில், அர்ச்சனைத் தேங்காய் மூடி! பூஜையில சக்கரத்துக்கு வைக்கிற பழம் நசுங்கிடுது, அதோட கதை முடிஞ்சுது. டேஷ்போர்டில் வைக்கிற பழம்தான் வில்லன். முதல் திருப்பத்திலேயே உருண்டு கீழே போயிடும். உருண்டையான, வழுவழுப்பான பொருள், பிரேக்குக்கு அடியில போய் மாட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி அளவு.

தைப்பூசம், தீமிதி சமயத்துல கூடுதல் கவனம் வேணும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருந்து பால்குடம் எடுக்கிறவங்க நள்ளிரவை ஒட்டியே புறப்பட ஆரம்பிப்பாங்க. வெறுங்காலோட டேங்க் ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல நடந்து, கால் கொப்புளிச்சு, தூக்கம் இல்லாம, அதே காலோட வந்து வண்டியில் ஏறுறவங்களை நான் பார்த்திருக்கேன். தரையில ஒரு ஊக்கு கிடந்தாலும், அலகுக் கொக்கி ஒண்ணு விழுந்து கிடந்தாலும் குத்தின பிறகுதான் தெரியும். பின்சீட்டில் ஏறுற பாட்டிமாருக்கும் அப்படித்தான். கால் எங்க வைக்கிறதுன்னு தெரியாம சேலையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டுத் தடவுவாங்க. பின்பக்கக் காலடிக்கும் வெளிச்சம் வேணும்.

எப்படிப் போடணும்? கதவைத் திறந்தால் எரிஞ்சு, மூடினால் அணையணும். ஓடும்போது உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே ரோடு மங்கலாத் தெரியும், அதனால எரிய விட்டுக்கிட்டே ஓட்டாதீங்க. மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம் போதும். நீலம், சிவப்பு எல்லாம் வேண்டாம், அதுல தரையில கிடக்கிறது சரியாத் தெரியாது. 12 வோல்ட் எல்இடி பட்டை, ஒரு பக்கத்துக்கு ஒரு சாண் நீளம் போதும். முன்பக்கம் ரெண்டு துண்டுக்கும் சேர்த்து கால் ஆம்பியர் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். இருந்தாலும் ஒயர் எடுக்கிற இடத்துலேயே ஒரு சின்ன ஃபியூஸ் கண்டிப்பா இருக்கணும். மஞ்சள் உறை போட்ட ஒயரைத் தொடவே கூடாது, அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. புது வண்டிகளில் கதவு விளக்கையும் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்குது, அதனால வாங்கின இடத்துலயே கேட்டுட்டுச் செய்யுங்க.

மாட்டுறதுதான் முக்கியம். தங்கச்சி மகன் பார்த்துட்டு மனசு இரங்கி என் வண்டிக்கும் ஒரு கடையில போட்டுக் கொடுத்தான். வெறும் பசை டேப்பில் ஒட்டியிருந்தாங்க. திறந்தவெளி கார்பார்க்கில் நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டே மாசத்துல பசை இளகி, பட்டையும் ஒயரும் பிரேக்குக்கு மேலயே தொங்குது! செருப்புக்குப் பயந்து போட்ட விளக்கே செருப்பு வேலை பார்த்தா எப்படி? அப்புறம் நானே கிளிப் போட்டு, கேபிள் டை கட்டி, ஸ்டியரிங் தண்டிலும் பெடலிலும் படாம ஒயரை ஓரமாக் கொண்டு போனேன். பேட்டரியில் எரியுற ஒட்டு விளக்கை ஓட்டுநர் பக்கம் வைக்காதீங்க. அதுவும் ஒருநாள் விழும்.

வண்டிக்கு வெளியேயும் அடியிலும் ஒளிர விடுற அலங்காரத்தை நான் சொல்லவே இல்லை. வண்டியில் எந்த மாற்றத்துக்கு அனுமதி வேணும், எதுக்கு வேண்டாம், எது கூடவே கூடாதுன்னு நிலப் போக்குவரத்து ஆணையம் பிரிச்சுச் சொல்லியிருக்கு. போடுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுங்க.

"காலடியில் ஒண்ணும் வைக்காம இருந்தாப் போதுமே, விளக்கு எதுக்கு?" ன்னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வேலை அதுதான், செருப்புக்கு பூட்டில் ஒரு பை வச்சுக்கோங்க. ஆனா வைக்கிறது ஒருத்தர், ஓட்டுறது ஒருத்தர். பேரப்பிள்ளை பாட்டிலை உருட்டி விடுவான், தாத்தா ஓட்டுவார். கண்ணுல பட்டால்தானே எடுப்பார்?

கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி பூஜை முடிஞ்சதும், டேஷ்போர்டு எலுமிச்சம்பழத்தைப் பையில போட்டுக்கச் சொல்லி மைக்கில் ஒரு வார்த்தை சொல்லலாம். தொண்டூழியர் ஒருத்தர் கதவைத் திறந்து, கைத்தொலைபேசி டார்ச்சை ஓட்டுநர் காலடியில் அடிச்சுப் பார்க்கலாம். ஒரு வண்டிக்கு அரை நிமிஷம் ஆகும். வரிசை நீளும், கொஞ்சம் முணுமுணுப்பு வரும், பரவாயில்லை. நிர்வாகம் சரின்னு சொன்னால் இந்த வருஷம் அந்த டார்ச் வேலையை நானே எடுத்துக்கிறேன். தேங்காய் ஓடு பொறுக்க மட்டும் வேற ஒரு தம்பி வேணும்.