பக்கத்தை விட்டு வெளியேறத் தெரிய வேண்டும்

இணையத்தில் தேடுவது என்றால் சரியான சொற்களைத் தட்டுவதுதான் என்று நினைக்கிறோம். மேற்கோள் குறிக்குள் சொற்றொடரை அடைத்துத் தேடுவது பயனுள்ள உத்திதான். ஆனால் நாம் ஏமாறுவது பெரும்பாலும் விடைகள் வந்த பிறகு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளின் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரும் சங்கம். மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு, தன்பாலினத்தவரை எதிர்ப்பது. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவையே நம்பினர். அறிஞர்களிலும் பலர் தடுமாறினர். பக்கத்தின் நேர்த்தியும் அடிக்குறிப்புகளும் அவர்களை மயக்கின. (படித்தவர்களை அடிக்குறிப்பு எளிதில் மயக்கும்.) சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுதும் படிக்காமல் வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். தேடல் முடிவுகளிலும் முதல் இணைப்பில் பாயாமல் பட்டியலை ஒருமுறை மேய்ந்தனர்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். அந்த ஆய்வில் விரைவாக விடை கண்டவர்களே சரிபார்ப்பாளர்கள்தாம். செயற்கை நுண்ணறிவு சுருக்கம் தரும்போது இந்தப் பாடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்தச் சுருக்கமும் யாரோ எழுதிய பக்கங்களிலிருந்து வருவதுதான். எவருடையவை என்ற கேள்வி அங்கே மறைகிறதே தவிர, தீர்வதில்லை. வலுவான மறுப்பு வேறொன்று: மருத்துவம், சட்டம் போன்றவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழில் நம்பகமான பக்கங்கள் குறைவு. உண்மைதான். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவை தேடுபவரைவிட, தமிழில் எழுதாத மருத்துவமனைகளும் அரசுத் துறைகளுமே.