ஓரத்து மை கறையாகுமா?

பேரிடர்க் காட்சிகள் அச்சிட்ட பழைய அஞ்சலட்டைகளைத் திரட்டுவோர் சிலரிடம் ஒரு கொள்கை வேரூன்றியுள்ளது. மை படாத அட்டையே உயர்ந்ததாம். படத்தின்மீது எவரேனும் எழுதியிருப்பின் அது கறையாம்! இதனை வன்மையாக மறுக்கின்றேன். கோப்புகளோடு பழகியவனுக்கு ஓரக் குறிப்பின் மதிப்புத் தெரியும்.

1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும், அதனால் மூண்ட பெருந்தீயும் அழித்தன. இடிபாடுகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்பனையாயின. அந்நாளைய அமெரிக்க அஞ்சல் விதிப்படி அட்டையின் மறுபக்கம் முகவரிக்கு மட்டுமே உரியது. 1907 மார்ச்சில்தான் அங்கே செய்தி எழுதவும் இடம் கிடைத்தது. எனில், பிழைத்தவன் தன் செய்தியைப் படத்தின் ஓரத்திலன்றி வேறெங்கு எழுதுவான்?

மாண்டோர் ஐந்நூற்றுக்கும் குறைவு என்றே நெடுங்காலம் கணக்குக் காட்டினர். அந்நகர நூலகர் கிளாடிஸ் ஹேன்சன் பல்லாண்டுகள் பெயர் பெயராகத் தேடி, அத்தொகை 3,000-க்கும் மேற்பட்டது என முடிவு கண்டார். அரசுக் கணக்கு விட்டுவிட்ட மாந்தரை மீட்கத் தனிமனிதர் எழுத்தே துணை. இடிந்த சுவரைப் படம் காட்டும். அங்கே வாழ்ந்தவர் யார் என்பதை ஓரத்து மையே உரைக்கும்.

அன்பர்களே, எழுத்துள்ள அட்டையை ஒதுக்காதீர், படித்துப் பேணுங்கள். அது குப்பைக்குப் போகுமாயின், அம்மாந்தர் மீண்டுமொருமுறை புதைவர்.