கோப்பு அடுக்குறதும் ஆணிதான் சாமி!

பொம்மனஹள்ளியில பொட்டி தட்டுற நம்ம பசங்க சிலர், லினக்ஸ் கெர்னலில் 'பிரிண்ட்கே' நிரலைச் சீர்படுத்துறவங்களை நக்கல் அடிக்கிறாங்க. "கோப்பை இடம் மாத்துறதெல்லாம் ஒரு ஆணியா?"ன்னு. பெத்தவங்களும் "பையன் வெறும் லாக் கோடுதான் பார்க்கிறான்"னு அலுத்துக்கறாங்க. பி.காம் படிச்ச பேங்க்காரன் எனக்கே எரியுதுங்க.

கெர்னல் மண்டையைப் போடும்போது கடைசியா என்ன நடந்ததுன்னு சொல்றது இந்த பிரிண்ட்கேதான். நம்ம டே புக் மாதிரி. 2013 வரை எல்லாம் ஒரே கோப்புல திணிச்ச மூட்டை. ஜோ பெர்ச்சஸ் அதைத் தனி அடைவுக்கு மாத்தி, பார்வையற்றவங்களுக்கான பிரெய்ல் பகுதியைத் தனிக் கோப்பாப் பிரிச்சார். வெட்டி வேலையா இது? 2020-ல் 5.10 பதிப்புக்கு ஜான் ஓக்னஸ் எழுதின பூட்டில்லாத செய்திக் கிடங்கு அதே அடைவுலதான் தனிக் கோப்பா உட்கார்ந்திருக்கு. செய்தி எழுதுற வேலை, நொடி பிசகக்கூடாத மத்த வேலைகளை மறிச்சு நிறுத்தினா என்னாகும்? ரியல்-டைம் லினக்ஸ் பிரதான கெர்னலில் சேரக் கடைசிப் பெரிய தடையா நின்னதே பிரிண்ட்கேதான். சேர்ந்தது 2024-ல், 6.12 பதிப்பில்!

நம்ம சட்டத்துக்கே இந்தப் பதிவோட அருமை தெரிஞ்சிருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோட பதியணும். அந்தப் பதிவை அணைக்கவே முடியக்கூடாது (அணைக்கப் பார்க்கிற ஆளுங்களை நான் நிறையப் பார்த்தாச்சு).

தம்பிகளா, அடுத்த நக்கலுக்கு முன்னாடி அந்த அடைவைத் திறந்து ஒரு தரம் படிங்கப்பா.